நெஞ்சுக்கு ஒரு ஆள்

அந்த ஏஜென்ட் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர். ஹெல்த் இன்சூரன்ஸ் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய ஈரமான ஆள்காட்டி விரல்தான். வழவழவென்ற தாளில் அச்சடித்த புத்தகத்தை எங்கள் வீட்டுத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி விரலைத் தொட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். வாயில் பான் மசாலா வேறு. அவர் புரட்டிய பக்கத்தின் மூலையில் எல்லாம் காவி நிறத்தில் ஒரு பொட்டு விழுந்திருக்கும். "இத்த பாரு தங்கச்சி" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினால், நான் முந்தானை நுனியால் பிடித்துத்தான் பார்ப்பேன்.

அட்டையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, பையன், பெண் எல்லோரும் வெள்ளை உடுப்பு. கீழே பச்சைப் புல். எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டையைக் காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் காலர் கறுத்துவிடும். கொடியில் காய்கிற துணியை உதறாமல் உள்ளே எடுத்துவர மாட்டோம். புல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு என்ன வியாதி வந்துவிடப் போகிறது என்று இதை இவர்களுக்கு விற்கிறார்கள் என்று எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

நாங்கள் திருவொற்றியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் மணலி ரோட்டில் ஒரு லாரி எடைமேடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற கான்ட்ராக்ட் கும்பலில் ஒருவர். காலையில் எழுந்ததும் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு இருமுவார். கறுப்பாக ஒரு சளி வந்து விழுந்ததும், "போச்சு, கிளீன் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பீடியைத் தேடுவார். அதை இருமல் என்றே யாரும் சொல்வதில்லை. எங்கள் மாடியில் இருந்த எல்லா வீட்டிலும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும். பால்காரர் மணி அடிப்பது போல அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவருடைய கும்பலில் ஒருவருக்கு ஒரு நாள் வேலை நேரத்திலேயே மூச்சு முட்டியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே சேர்க்க வேண்டுமானால் முதலில் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றதும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பேசின் பிரிட்ஜ் மேலே லாரிகள் நகராமல் நிற்க, அங்கேயே ஆட்டோவில் என் வீட்டுக்காரரின் மடியில் அந்த மனிதர் போய்விட்டார். வீட்டுக்கு வந்தவர் கை காலைக்கூடக் கழுவாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இவர் நெஞ்சுக்கு ஏதாவது வந்தால் வாசலில் நின்று கெஞ்சுகிற நிலைமை எனக்கு வரக் கூடாது என்று. அதற்குத்தான் பாலிசி. வேறு ஆசை ஒன்றும் இல்லை.

ஏஜென்ட் எங்களுக்குப் பழக்கப்பட்ட ஆள்தான். ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அது ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். முதலில் சீட்டு பிடித்தார். பிறகு வாட்டர் ஃபில்டர் விற்றார். புதிது புதிதாகத் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கடை விரித்தபோது கழுத்தில் டை கட்டிக்கொண்டார். அந்த டையின் மேலும் ஒரு காவிப் பொட்டு இருக்கும்.

அப்போது குடும்பத்துக்கே ஒரே பாலிசி என்பது எங்களுக்குத் தெரியாது. தலைக்கு ஒன்று, தனித்தனியாக. இரண்டு பேருக்கும் எடுக்க எங்களால் முடியாது. அவருக்கு மட்டும் என்று நான் சொன்னேன். ஏஜென்ட்டுக்கு அதில் திருப்தி இல்லை.

"பொம்பளைக்குத்தான் தங்கச்சி நோவு சாஸ்தி. நீயும் ஒண்ணு போட்டுக்க."

"எனக்கு ஒண்ணும் வராதுண்ணே. அவருக்குச் சொல்லுங்க."

மூன்று திட்டங்களைக் காட்டினார். வெள்ளி, தங்கம், வைரம். நகைக் கடையில்கூட இப்படிப் பெயர் வைத்து ஆளைக் கூச வைக்க மாட்டார்கள். வெள்ளியில் பொது வார்டு. தங்கத்தில் இரண்டு பேர் இருக்கிற ரூம். வைரத்தில் தனி ரூம், டி.வி., கூட இருப்பவருக்குச் சாப்பாடு. செத்துப்போகிறவன் எந்த ரூமில் சாக வேண்டும் என்பதில் இவ்வளவு வகை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்து. எடைமேடையில் ரசீதின் பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துப் படித்துப் பழகிய கண் எனக்கு. படித்தேன். முதல் வருடம் குடலிறக்கம் கிடையாது, மூலம் கிடையாது, கண்புரை கிடையாது, கர்ப்பப்பை கிடையாது, கல் கிடையாது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதி எதுவும் எப்போதும் கிடையாது.

"அப்ப எதுக்குண்ணே குடுப்பாங்க?"

"திடீர்னு வந்தா குடுப்பான் தங்கச்சி."

"எங்க ஏரியாவுல எதுண்ணே திடீர்னு வருது? எல்லாம் மெதுவாத்தானே வருது."

அவர் சிரித்தார். பல்லெல்லாம் காவி. என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார், வந்த மனுஷனை மடக்குகிறேன் என்று. பாலிசியைக் காட்டினால் காசு கட்டாமல் சேர்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். அடையாறு, நுங்கம்பாக்கம், அண்ணா நகர் என்று அடுக்கினார். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. கேட் போட்டிருந்தால், கன்டெய்னர் லாரி வரிசை நின்றால், நாங்கள் ராயபுரம் தாண்டவே ஒரு பொழுது ஆகும். மூச்சு முட்டுகிறவனை வைத்துக்கொண்டு அடையாறு வரை போக வேண்டுமாம். அதைக் கேட்டபோது அந்தப் புத்தகத்தைச் சுருட்டி அவர் வாயில் திணிக்கலாமா என்று இருந்தது. ஆனாலும் பேசாமல் வெள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று. கட்டுகிற பணத்துக்கு என் வளையலை வைப்பது என்று மனசுக்குள் முடிவும் பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் ஏஜென்ட் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சுல்ல? அப்ப டெஸ்ட் கீது" என்றார். "எங்க, இருமு பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் இருமிக் காட்டினார். காட்டுவதற்கென்று ஆரம்பித்தது நிற்கவில்லை. எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார்.

ஏஜென்ட் தலையை ஆட்டினார். "இந்த நெஞ்ச இட்டுகினு போனா எக்ஸ்ரேல மாட்டிப்ப நைனா. ஒரு வெள்ளத் திட்டு தெரிஞ்சா போதும், உனுக்கு ஆயுசுக்கும் பாலிசி கெடையாது. எந்தக் கம்பெனிக்காரனும் தர மாட்டான்." பிறகு குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தாமல், மளிகைக் கடையில் பருப்பு இருக்கிறது என்பது போலச் சொன்னார்: "ஒண்ணியும் பேஜார் இல்ல. நெஞ்சுக்கு ஆள் கீறான்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் அது பழைய ஏற்பாடு. கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆளை நிரந்தரமாக்குவதற்கு முன்னால் மெடிக்கல் என்று ஒன்று வைப்பார்கள். கண், மூத்திரம், எக்ஸ்ரே. வருஷக் கணக்கில் தூசியை விழுங்க வைத்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருந்தால்தான் வேலை என்பார்கள். எந்த நெஞ்சு சுத்தமாக இருக்கும்? அதனால் ஆட்கள் இருந்தார்கள். போர்டில் இருக்கிற எழுத்தைப் படிப்பதற்குக் கண்ணுக்கு ஒரு ஆள். சர்க்கரைக்காரனுக்காகப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்க ஒரு ஆள். படத்துக்கு நிற்க நெஞ்சுக்கு ஒரு ஆள். பெயர் கூப்பிட்டால் அவர்கள் எழுந்து போவார்கள். கம்பெனி மெடிக்கலுக்கு இருந்த அந்த ஏற்பாட்டை இந்த ஏஜென்ட் இன்சூரன்ஸுக்குக் கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"மூத்திரத்துக்கு எங்கிட்டயே ஆள் கீது, அத்த பத்தி கவல வேணாம்" என்று என்னைப் பார்த்துத் தைரியம் வேறு சொன்னார்.

லாரிக்காரர்கள் செய்கிற தில்லுமுல்லு எனக்கு நிறையத் தெரியும். வெறும் வண்டியை எடை போடும்போது நாலு ஆளை உள்ளே படுக்க வைப்பார்கள். டேங்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரரின் மார்பு என்று சொல்லி இன்னொருவன் மார்பைக் காட்டுவதா? ஏஜென்ட் போனதும் சண்டை போட்டேன்.

"இது வேணாம். நிஜமா ஏதாவது இருந்தா அத்த பாத்து வைத்தியம் பண்ணலாம். படத்த மாத்தி எடுத்தா நெஞ்சு மாறிடுமா?"

"நீதானம்மே பாலிசி பாலிசின்னு என் உசுர வாங்கினே?"

"உன் நெஞ்சுக்கு வாங்கலாம்னேன். எவன் நெஞ்சுக்கோ வாங்கச் சொல்லல."

"எல்லாரும் பண்றதுதான். உனுக்கு மட்டும் இன்னா புச்சா ரோஷம்? ஆட்டோல அவன் என் மடியில கெடந்தத நீ பாத்தியா?"

அதைச் சொன்னால் நான் வாயை மூடிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். மூடினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவர் மேல் இல்லை. சுத்தமான நெஞ்சு இருக்கிறவனுக்கு மட்டும்தான் நெஞ்சு வியாதிக்குப் பாலிசி தருவேன் என்று உட்கார்ந்து யோசித்து எழுதினானே ஒருவன், அவன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நெஞ்சு ஆளை ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். காட்டுப்பள்ளிப் பக்கம் பிறந்தவன். எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீருக்குள் முங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிற வேலை செய்திருக்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் கிடப்பானாம். மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய்க் கத்துவார்களாம். பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் இறங்கிக் கழிமுகம் மண்மேடாகிப் போனது. இறால் போச்சு. உர மூட்டை கொடோனில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். நடுநடுவே இந்த வேலை.

வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். நான் அவனை ஒரு பொறுக்கியாக எதிர்பார்த்து, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து, "அக்கா, அண்ணனப் பத்தி எல்லாம் சொல்லிடுங்க. நான் தப்பா சொல்லிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான்.

ஏஜென்ட் பரீட்சை வைத்தார். "உன் பேரு இன்னா?" அவன் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னான். "அப்பா பேரு?" என் மாமனார் பெயரைச் சொன்னான். "பொறந்த வருஷம்?" அதையும் சொன்னான். பீடி உண்டா என்றதற்கு இல்லை என்றான். அது அவனைப் பொறுத்தவரை நிஜம். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, தன்னுடைய பெயரை இன்னொருவன் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அந்தச் சிரிப்பைப் போல எனக்குப் பிடிக்காத சிரிப்பு ஒன்று இல்லை.

டீ கொடுத்தேன். குடிக்கும்போது அவன் தொண்டையை இரண்டொரு தடவை செருமினான். எங்கள் பக்கம் செருமாதவர் யார்?

"நம்ம நெஞ்சுக்கு ஒரு பேரு கீதுக்கா" என்றான் பெருமையாக. "இதுவரைக்கும் ஒரு படத்துலகூட ஒரு புள்ளி வுழுந்ததில்ல. டாக்டருங்களே கேப்பாங்களாம், இந்த ஆளு எந்த ஊருன்னு."

"நீ பாத்திருக்கியா உன் படத்த?"

"நான் எங்கக்கா பாக்கறது? படம் அவுங்கவுங்களுக்குப் போயிடும். எடுத்து முடிச்சதும் நான் சட்டையப் போட்டுகினு வந்துடுவேன்."

கூலி வேலைக்காரன் போல இருக்கக் கூடாது என்று ஏஜென்ட் என் வீட்டுக்காரரின் நல்ல சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி அவனுக்குப் போட்டுப் பார்த்தார். கொக்கியில் மாட்டியது போலத் தொங்கியது. "இன்னாடா இப்டி எளச்சுட்ட? போன வாட்டி நல்லாத்தானே இருந்த?" என்று தோளைப் பிடித்து இழுத்து, முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகச் சேர்த்து என்னிடம் ஊக்கு கேட்டார். கறிக்கடையில் தொங்குகிற ஆட்டைத் திருப்பிப் பார்ப்பது போல அவனைத் திருப்பினார். அவனும் திரும்பினான். "எளச்சா படம் நல்லா வுழும்ணே" என்று அவனே சமாதானம் சொன்னான். நான் ஊக்கைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

டெஸ்ட் வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில். துணிக்கடைகளுக்கு நடுவில் மாடிப்படி. என் வீட்டுக்காரர் அங்கே வரக் கூடாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் காரியம் கெடும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். ஆனால் நான் வர வேண்டுமாம். பெண்டாட்டி கூட இருந்தால் சந்தேகம் வராதாம். எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவனுடன் ஒரே பெஞ்சில், நடுவில் என் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் அதே வெள்ளை உடுப்புக் குடும்பம் சிரித்தது.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன். சீட்டு எழுதுகிற பெண் என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா அவருக்கு?" என்று கேட்டாள்.

என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், என் வீட்டுக்காரரின் சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு நிற்கிறான். "சம்சாரம்" என்றேன். என் வாயால் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றான். அந்த இடத்தில் கொஞ்சமாவது வெட்கப்பட்டது அவன் ஒருவன்தான். ஏஜென்ட் படிக்கட்டில் நின்று லேப் ஆளோடு தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவன் கீழே இறங்குவதற்குள் மாடிப்படியில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். "உள்ள ஏ.சி. அக்கா, நமக்கு ஒத்துக்கல" என்றான். சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, தன்னுடைய சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் போனான். அந்தச் சட்டையை வீட்டுக்கு வந்து நான் இரண்டு முறை துவைத்தேன். அவன் மேல் அருவருப்பு இல்லை. அந்த லேப், அந்த பெஞ்ச், நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம் அதில் ஒட்டியிருப்பது போல இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஏஜென்ட் வந்தார். டை இல்லை. கையில் பெரிய பழுப்புக் கவர்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு நைனா."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எப்டி? அவன் நெஞ்சு சுத்தம்னு சொன்னியே!"

ஏஜென்ட் கவரிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் பக்கம் எல்லாமே கறுப்பு, கறுப்பென்றால் கேடு. எக்ஸ்ரேயில் மட்டும் நெஞ்சு கறுப்பாக இருந்தால் நல்லதாம். இந்தப் படத்தில் வலது பக்கம் மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே, பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு ஓட்டை. எக்ஸ்ரே படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

"டி.பி.யாம். முத்திப்போயி கீதாம். லேப்ல நம்ம ஆளுதான் சொன்னான்." ஏஜென்ட் உச்சுக்கொட்டினார். "இவ்ளோ வருசம் நல்லா ஓடின நெஞ்சு. கெட்டுப்போயிடுச்சு. இத்த வச்சி இனிமே ஒண்ணியும் பண்ண முடியாது."

வண்டி எஞ்சின் கெட்டுப்போனது போலச் சொன்னார். என் வீட்டுக்காரர் மெல்ல உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. "அப்ப இது என் நெஞ்சு இல்லல்ல?" என்றார். பிறகு சிரித்தார். "நல்ல வேள! ஒரு நிமிசம் எனுக்கு உசுரே போயிடுச்சும்மே!"

இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர். குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. தன் சாப்பாட்டை அடுத்தவனுக்குக் கொடுக்கிற மனுஷன். அந்த மனுஷன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இன்னொருவனின் ஓட்டை விழுந்த நெஞ்சைப் பார்த்து, நல்ல வேளை என்று சிரிக்கிறார். அவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று யாரும் இன்னும் பார்க்கவேயில்லை. அதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஏஜென்ட் அதற்குள் அடுத்த புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டார். விரலை நாக்கில் தொட்டார். "வேற கம்பெனி ஒண்ணு புச்சா வந்துகீது. அவனுக்கு இந்த ரிஜெக்ட் எல்லாம் தெரியாது, அங்க போட்டுக்கலாம். செங்குன்றம் பக்கத்துலருந்து வேற ஒரு ஆள் சொல்லி வச்சிகீறேன். பால் மாதிரி நெஞ்சு."

"அவனுக்குச் சொல்லியாச்சாண்ணே?" என்றேன்.

"எவனுக்கு?"

"இந்தப் படத்துக்கு நின்னவனுக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டது போல.

"அவனுக்கு எதுக்கு?" என்றார் ஏஜென்ட். "சொன்னா பயந்துடுவான். மேல்கொண்டு, அவன் வெளிய போயி ஒளறினா நம்ம தொழிலே படுத்துடும். கம்முனு இரு தங்கச்சி."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீயாவது போய்ச் சொல்லு. உன் பேர்லதானே நின்னான்."

"நமக்கெதுக்கும்மே வம்பு?" என்றார்.

என்ன செய்தேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. ஏஜென்ட்டின் புத்தகத்தை எடுத்து மாடியிலிருந்து கீழே சாக்கடையில் போட்டேன். அது ஞாபகம் இருக்கிறது. அந்த வெள்ளைக் குடும்பம் சிரித்துக்கொண்டே மிதந்து போனது. ஏஜென்ட் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னார், நானும் சொன்னேன். எடைமேடையில் கற்றது எதற்கு உதவுகிறது? "எந்திரிடா வூட்ட வுட்டு" என்று சொன்னது மட்டும் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் இறங்கிப் போகும்போது கவரை மறந்துவிட்டுப் போனார்.

அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே எண்ணூர் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை.

உர கொடோனில் விசாரித்ததில், கொஞ்ச நாளாக மூட்டை தூக்க முடியவில்லை என்று வருவதில்லை என்றார்கள். கழிமுகத்து ஓரம், சாம்பல் கொட்டி நிரவிய மேட்டில் ஒரு வரிசை ஷீட் வீடுகள். நடந்தால் பவுடர் போலச் சாம்பல் எழும்பிக் கணுக்கால் வரை ஒட்டியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் வாசலில் ஒரு தலைகீழ்ச் சைக்கிளுக்கு செயின் மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துவந்து துடைத்துப் போட்டான்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்? அண்ணன் நல்லாக் கீறாரா?"

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வதென்று எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கவரை நீட்டினேன். "படம் வந்திருக்குப்பா" என்றேன்.

படத்தை வெளியே எடுத்தான். அவ்வளவு நெஞ்சுகளுக்கு நின்றவன் முதல் தடவையாக ஒரு எக்ஸ்ரேயைக் கையில் பிடித்திருக்கிறான். எந்தப் பக்கம் மேலே என்றுகூடத் தெரியவில்லை. நான் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்துச் சூரியனுக்கு நேராகத் தூக்கினான். வெள்ளையைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். அப்புறம் மூலையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். என் வீட்டுக்காரரின் பெயர்.

அவன் கை தாழ்ந்தது. கண் கலங்கிவிட்டது.

"அண்ணனுக்காக்கா?" என்றான். "ஐயோ. நல்ல மனுசன். அன்னிக்கிகூடச் சிரிச்சிகினே இருந்தாரே."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவன் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டான் போல. ஸ்டூலுக்குப் பக்கத்தில் சாம்பலில் குந்தி உட்கார்ந்தான்.

"நீங்க அழுவாதீங்கக்கா. நல்ல டாக்டரா இட்டுகினு போங்க. இப்பல்லாம் மருந்து கீது. பாலிசியப் பத்தி நீங்க கவலயே படாதீங்க. அதுக்குத்தான் நம்ம நெஞ்சு கீதே. எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க, நான் வந்து நின்னு குடுக்கறேன். எனுக்குத் துட்டெல்லாம் வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. என் மேல் படக் கூடாது என்று எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

நான் அவன் கையிலிருந்த படத்தை வாங்கினேன். மூலையில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்துக்கொண்டு, மறுபடியும் அவன் முகத்துக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இப்பப் பாருப்பா" என்றேன்.